தெருவில் ஒரு கடிதம் கிடந்தால்

என்னிடம் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி இப்போது துபாயில் மனநல மருத்துவராக இருக்கிறாள். போன மாதம் போனில் பேசும்போது, நோயாளியின் ஊர், சாமி, சாப்பாடு, சடங்கு எல்லாவற்றையும் கேட்டு நிரப்ப கம்ப்யூட்டரில் தனிப் படிவமே வந்துவிட்டது என்றாள். "உங்க காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டாள்.

"எங்க காலத்துல அந்தப் படிவமே நான்தாம்மா" என்றேன். அவள் சிரித்தாள். அந்தத் திமிரால் ஒரு மனிதரை ஏறக்குறைய சாகவிட்டேன் என்று சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். அவளுக்குப் போனில் பாதிதான் சொன்னேன். மீதியும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

விருதுநகரில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்தேன். மனநலத்தை மேற்படிப்பாக எடுத்தபோது என் அப்பா, "நல்ல வைத்தியமா எதுவும் கிடைக்கலையா?" என்றார். எண்பதுகளின் தொடக்கத்தில் துபாயில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. படிப்பும் பயிற்சியும் சேர்ந்து பதினோரு வருஷம், அதைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் இத்ரீஸ். சூடான் நாட்டுக்காரர். வாசல் நிலையில் தலை இடிக்காமல் அவர் எந்த அறைக்குள்ளும் நுழைந்து நான் பார்த்ததில்லை. காதுக்கு மேல் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில் செருகியிருக்கும். நாங்கள் எழுதிய கேஸ் ஷீட்டைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியைப் பென்சிலால் எழுதுவார். தப்பு என்று ஒருநாளும் சொல்லமாட்டார். திட்டினால்கூடத் தேவலை, அந்த ஒற்றைக் கேள்வி இரண்டு நாள் தூங்கவிடாது. எல்லோரையும் "யா அகீ", சகோதரா, என்றுதான் கூப்பிடுவார். அந்த வார்த்தை எவ்வளவு அன்பாக வருகிறதோ அவ்வளவு பெரிய ஓட்டையை என் ஷீட்டில் கண்டுபிடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

வார்டில் எனக்கு வலது கை புனிதம் சிஸ்டர். பருத்தித்துறைக்காரர். மருந்து கொடுப்பதிலும் மருத்துவர்களின் கொழுப்பைக் குறைப்பதிலும் கெட்டிக்காரர்.

மனநலப் பரிசோதனைக்கென்று பாடப்புத்தகம் சில கேள்விகளை வைத்திருக்கிறது. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வா, இப்படி. அந்தக் கேள்விகளை எழுதியவர் லேபர் கேம்பைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். கிழமை கேட்டால், "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் கெடக்கு சார்" என்பார்கள். ஊர் கேட்டால், "சைட்டைக் கேக்குறீங்களா, கேம்பைக் கேக்குறீங்களா?" என்பார்கள். புத்தகப்படி மார்க் போட்டால், கேம்புகள் நிறைந்த அல் கூஸ் பகுதியில் பாதியையும் வார்டில் சேர்க்கவேண்டி வரும்.

அந்த வரிசையில் ஒரு கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, வாயை மூடிய கவர் ஒன்று தெருவில் கிடக்கிறது. என்ன செய்வீர்கள்? தபால்பெட்டியில் போடுவேன் என்பது சரியான விடை. நம் ஆட்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. "அட்ரஸ் எந்தப் பக்கம் சார்? நம்ம பக்கம்னா லீவுல போற ஆள் கையில குடுத்து விட்டுருவேன். போஸ்ட்ல போனா பதினஞ்சு நாள் ஆகும்" என்பார்கள். புத்தகத்துக்குத் தவறு, வளைகுடாவுக்குச் சரி. நான் முழு மார்க் போடுவேன். என் மக்களை எனக்குத் தெரியும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன். அந்த நிமிர்ந்த நெஞ்சோடுதான் கருப்பையாவைச் சந்தித்தேன்.

ஒரு பங்குனி மாத ஆரம்பத்தில் அல் கூஸ் கேம்ப் ஒன்றிலிருந்து அவரை அழைத்து வந்தார்கள். கூடவே பஞ்சாப்காரரான கேம்ப் பாஸ் எழுதிய கடிதம். ஏழு பாயிண்ட். ஒன்று, சைட்டில் ஷூ போட மறுக்கிறார். இரண்டு, கட்டில் இருக்கத் தரையில் படுக்கிறார். மூன்று, விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். நான்கு, மெஸ்ஸில் சாப்பிடாமல் தனியாகப் பொங்கி ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறார். ஐந்து, தாடி. ஆறு, கிரேன் ஓட்டுகிற எகிப்துக்காரரைக் கடவுள் என்று கூப்பிடுகிறார். ஏழு, என்னையும் கடவுள் என்று கூப்பிடுகிறார். முதல் ஆறு பாயிண்டுக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டிருந்தார். ஏழாவதற்குப் போடவில்லை.

கருப்பையா உள்ளே வந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, கையில் ஒரு கறுப்புத் துணி மூட்டை. என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "சாமி சரணம்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொங்கியது. சபரிமலைக்கு மாலை போட்டவர். அந்தக் கேம்பில் இருந்தவர்கள் பெஷாவர்க்காரர்களும் வங்காளிகளும். இவர் ஒருவர்தான் தமிழ், சிவகங்கைப் பக்கம். விரதம் என்று எடுத்துச் சொல்ல யாருமில்லை. மாலை போட்டவர் எல்லோரையும் சாமி என்று கூப்பிடுவார் என்பது பஞ்சாப்காரருக்கு எப்படித் தெரியும்? என் சித்தப்பா பதினெட்டு தடவை மலை ஏறிய குருசாமி. கல்லூரிக் காலத்தில் நானே இரண்டு தடவை போயிருக்கிறேன், பரீட்சையில் தேறுவதற்காக.

ஆனாலும் முறை தப்பாமல் பரிசோதனையை நடத்தினேன். எல்லாம் சரியாகச் சொன்னார். கிழமையைக்கூடச் சரியாகச் சொன்னார். கவர் கேள்விக்கு வந்தேன்.

"தொட மாட்டேன் சாமி. அது பாட்டுக்குக் கெடக்கட்டும்."

"ஏன்?"

"பிரிக்காத வரைக்கும் அதுனால யாருக்கும் கெடுதல் இல்லயே சாமி."

இப்படி ஒரு பதிலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. சொன்னபடியே எழுதிக்கொண்டேன். பிறகு, 'விரதத்தில் இருப்பவர், பிறர் பொருளைத் தொடமாட்டார்' என்று நானே விளக்கம் எழுதிக்கொண்டேன். கடைசியில், 'நோய் ஏதுமில்லை, மத அனுஷ்டானம், வேலைக்குத் தகுதியானவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேன் அவரைக் கேம்புக்குத் திருப்பி அழைத்துப் போனது.

அன்று மதியம் தேநீர் நேரத்தில் நான் நடத்திய சொற்பொழிவை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. விரதம் என்றால் என்ன, இருமுடி என்றால் என்ன, ஏன் வெறுங்கால், எல்லாவற்றையும் விளக்கினேன். டாக்டர் இத்ரீஸ் குழந்தை மாதிரி ரசித்துக் கேட்டார். புனிதம் சிஸ்டர், "டொக்டருக்கு இண்டைக்கு மருந்து எழுத ஒருத்தரும் கிடைக்கேல்லைப் போல, கதாப்பிரசங்கம் நடக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாம் முடிந்தபின் டாக்டர் இத்ரீஸ் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். "யா அகீ, இந்த விரதம் எத்தனை நாள்?"

"நாற்பத்தெட்டு நாள்."

"இவர் எப்போது தொடங்கினார்?"

நான் கேட்கவில்லை. கார்த்திகை முதல் தேதி போடுவதுதான் வழக்கம். அப்படியானால் தை பிறக்கும்போதே மாலையைக் கழற்றியிருக்கவேண்டும். இது பங்குனி. ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால், 'இது எப்போது முடியும்?' என்று எழுதிவிட்டு அவர் போய்விட்டார்.

வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் வேன் அனுப்பி அவரைத் திரும்ப வரவழைத்துக் கேட்டிருப்பேன். நான் உள்ளூர்க்காரன் ஆயிற்றே. எனக்குப் பதில் தெரியும். பங்குனி உத்திரத்துக்கும் மாலை போடுகிறவர்கள் உண்டு. பென்சில் கேள்விக்குக் கீழே 'பங்குனி உத்திரம்' என்று பேனாவால் எழுதினேன். சொந்த மூளையிலிருந்து எடுத்து நோயாளியின் ஷீட்டில் எழுதிய பதில் அது. என் முப்பது வருஷ வேலையில் அதைவிட வெட்கப்படவேண்டிய வரி வேறு இல்லை.

பங்குனி உத்திரம் வந்தது, போனது. சித்திரையில், வெயில் இரும்பைக் காய்ச்ச ஆரம்பித்த சமயத்தில், கருப்பையாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். சைட்டில் மயங்கி விழுந்திருக்கிறார். கழுத்தில் மாலை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே உடம்பு என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. பாதம் இரண்டும் வெந்து கொப்புளித்துப் புண்ணாகியிருந்தன. கம்பெனியின் கடிதத்தில் இந்தத் தடவை பாயிண்ட் எதுவும் இல்லை. 'தகுதியற்றவர்' என்று அச்சிட்ட படிவம் இருந்தது. வியாழக்கிழமைக்குள் நாங்கள் கையெழுத்துப் போட்டால் விசாவை ரத்து செய்து விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

என்னைப் பார்த்ததும், "சாமி சரணம்" என்றார். குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது. இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டிரிப் ஏற்றினோம். சாப்பாட்டை மறுத்தார். இப்படியே விமானத்தில் ஏற்றினால் உயிரோடு போய்ச் சேருவாரா என்பதே சந்தேகமாக இருந்தது. மறுநாள் காலை புனிதம் சிஸ்டர் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"டொக்டர், உங்கட சாமி அந்த மூட்டையைத் தலைமாட்டில இருந்து எடுக்க விடுறார் இல்லை. கூட வந்த கான் பாயிட்ட விசாரிச்சனான். உள்ள அரிசி தேங்காய் ஒண்டும் இல்லையாம். எல்லாம் ஊர்க் கடிதம். அஞ்சு. ஒண்டையும் உடைக்கேல்லையாம்."

கான் பாய் கருப்பையாவின் அறையில் இருக்கும் பெஷாவர்க்காரர். கடிதம் வரும்போதெல்லாம் கருப்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டையை மட்டும் அவிழ்த்து நீட்டுவாராம், கான் பாய்தான் உள்ளே போட்டுக் கட்டிக் கொடுப்பாராம். இதுவும் பூஜையில் ஒரு பகுதி என்று அவர் நினைத்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். 'பிரிக்காத வரைக்கும் அதுனால யாருக்கும் கெடுதல் இல்லயே.' என் கையெழுத்திலேயே இருந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஷீட்டோடு டாக்டர் இத்ரீஸிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். கடிதங்களைக் கருப்பையா தூங்கும்போது எடுத்து, பிரித்துப் படித்துவிட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்றும் சொன்னேன்.

"அது நமக்கு வந்த கடிதமா, யா அகீ?" என்றார்.

"இல்லை."

"சரி. உங்கள் வழக்கத்தில் இந்த மாலையை யார் கழற்றிவிடுவார்கள்?"

"பதினெட்டு தடவை மலைக்குப் போன குருசாமி."

"நீ எத்தனை தடவை போயிருக்கிறாய்?"

"இரண்டு."

அவர் யோசித்தார். "பதினாறுதான் குறைகிறது. வா, போகலாம்."

கருப்பையாவின் அறை வாசலில் நான் ஷூவைக் கழற்றினேன். என்னைப் பார்த்து டாக்டர் இத்ரீஸும் கழற்றினார். படகு மாதிரி இருந்தன. பின்னால் வந்த புனிதம் சிஸ்டர், "ரெண்டு சோடி சப்பாத்து வாசல்ல கிடக்கு. இது ஆஸ்பத்திரியோ கோயிலோ?" என்று முணுமுணுத்தார். ஆனால் தன் செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சாமி, போன தடவை உங்ககிட்ட ஒண்ணு கேக்காம விட்டுட்டேன். கேக்காமலே நானா ஒரு பதிலும் எழுதிட்டேன். தப்பு என்மேல. மாலை என்னைக்குப் போட்டீங்க?"

"கார்த்திகை ஒண்ணு."

"ஏன் இன்னும் கழட்டல?"

டாக்டர் இத்ரீஸ் ஒரு வார்த்தைகூடப் புரியாமல், ஆனால் ஒரு வார்த்தையும் விடாமல் கேட்பவர்போல் சுவரில் சாய்ந்து நின்றார்.

"வீட்டுல மாசமா இருந்தா சாமி. முன்னாடி ரெண்டு தங்கல. இது மூணாவது. மார்கழிக் கடைசின்னு நாள் சொன்னாக. நான் இங்ஙன இருந்து என்ன செய்ய முடியும்? மாலை போட்டேன். மார்கழி பாதியில மொத லெட்டர் வந்துச்சு. நாளுக்கு முன்னாடியே என்னத்துக்கு லெட்டர்? கை ஓடல. நல்லதில்லாததா இருந்தா தீட்டு, மாலையக் கழட்டணும். நல்லதா இருந்தாலும் பொறப்புத் தீட்டு, அதுக்கும் கழட்டணும். கழட்டிட்டா அப்புறம் அந்தப் புள்ளைக்கு யாரு காவல் சாமி? பிரிக்காம இருந்தா ரெண்டும் இல்ல. அப்படியே இருந்துட்டேன்."

கேட்டபடியே டாக்டர் இத்ரீஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். ஐந்து மாதத்துக்கு மேல் அந்த மனிதர் கொதிக்கிற மணலில் வெறுங்காலோடு நின்று ஒரு குழந்தைக்குக் காவல் இருந்திருக்கிறார். குழந்தை இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியாது.

"கம்பெனி கேட்கிறபடி அனுப்பிவைத்தால் விமான நிலையத்துக்கு அழைத்துப்போக வரும் யாராவது அந்தக் கடிதத்தை வாயாலேயே பிரித்துவிடுவார்கள். இங்கே என்றால் நாம் மூன்று பேராவது இருக்கிறோம். அதை அவரிடம் சொல்" என்றார் டாக்டர்.

சொன்னேன். கருப்பையா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூட்டையை என் பக்கம் நகர்த்தினார். "சாமியே படிங்க. நல்லதா இருந்தா மட்டும் சொல்லுங்க."

"இல்ல சாமி. எதுவா இருந்தாலும் சொல்லுவேன். அதுக்குச் சம்மதம்னாத்தான் பிரிப்பேன்."

மனநல மருத்துவன் வாழ்க்கையில் அபூர்வமாகத்தான் ஒரு பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். அன்று காத்திருந்தேன். கருப்பையா தலையை அசைத்தார்.

முடிச்சை அவிழ்த்தேன். ஐந்து நீலக் கடிதங்கள். கான் பாய் வந்த வரிசையிலேயே அடுக்கியிருந்தார். முதல் கடிதம் சாதாரணமாக இருந்தது. இரண்டாவதை எடுத்தேன்.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

நல்ல சேதி எழுதினால் கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவி அனுப்புவது நம் ஊர் வழக்கம். பிரிக்கவே வேண்டாம். தபால்காரர் வாசலில் வரும்போதே தெரிந்துவிடும். கருப்பையா முகத்தைத் திருப்பிக்கொண்டதால் பார்க்கவில்லை. கான் பாய் பார்த்திருக்கிறார், அவருக்கு அது குழம்புக் கறை. மூன்று மாதமாக அந்தச் சேதி கவருக்கு வெளியிலேயே இருந்திருக்கிறது.

"சாமி, கண்ணைத் திறங்க" என்று சொல்லிக் கடிதத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

அவர் பார்த்தார். விரலால் ஒரு மூலையைத் தொட்டார். விரலில் மஞ்சள் ஒட்டியதா என்று பார்த்தார். பிறகு மூன்று பேர் முன்னால் வாய்விட்டு அழுதார். புனிதம் சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இல்லாத தூசியைத் துடைத்தார்.

எல்லாவற்றையும் படித்தேன். முதல் கடிதத்தில் அவர் மனைவி மீனாள், ஊருக்கு வருகிற ஆளிடம் இரண்டு டப்பா பால்பவுடர் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார், அவ்வளவுதான். இரண்டாவதில், பெண் குழந்தை, இருவரும் நலம். நீங்க எழுதுற பேரைத்தான் வைக்கணும்னு இருக்கேன், அதுவரைக்கும் எல்லாரும் அவளைச் சாமின்னுதான் கூப்பிடுறாக என்று எழுதியிருந்தார். மூன்றும் நான்கும் பெயர் கேட்டு வந்தவை. ஐந்தாவது நாலே வரி. 'நாலு லெட்டர் போட்டுட்டேன். நீங்க இருக்கீகளா இல்லையான்னு மட்டும் எழுதுங்க. காலைல பொட்டு வைக்கும்போது கை நடுங்குது.'

அதைக் கேட்டதும் கருப்பையா எழுந்து உட்கார்ந்தார். "அவ பயந்துக்கிட்டு இருப்பான்னு எனக்குத் தோணவே இல்லயே" என்றார். அதுவரை யார் தொட்டும் அசையாத மாலையைத் தானே தலைக்கு மேலாகக் கழற்றினார். கழற்றிய மாலையைப் பாலில் போடவேண்டும் என்றார். சிஸ்டர் வார்டில் இருந்த பாலை ஒரு தம்ளரில் கொண்டுவந்து வைத்தார். இன்னொரு தம்ளரையும் பக்கத்தில் வைத்து, "இது சாமிக்கில்லை, உங்களுக்கு. குடியுங்கோ" என்றார். குடித்தார்.

அன்று மதியமே தந்தி போனது. நலம், பெயர் பூரணம் என்று இரண்டே சேதி.

கடிதம் பிரித்ததும் நோய் பறந்துவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் நடப்பதில்லை. அவருக்கு உண்மையான மனச்சோர்வு நோய் இருந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார், தூக்கம் மெதுவாகத்தான் வந்தது, பாதம் ஆற ஆறு வாரம் ஆனது. டாக்டர் இத்ரீஸ் கம்பெனிப் படிவத்தில் 'தகுதியற்றவர்' என்ற சொல்லை அடித்து, 'மருத்துவ விடுப்பில் ஊர் செல்கிறார், திரும்பி வருவார்' என்று எழுதினார். அவர் பேனாவால் எழுதி நான் பார்த்த வெகு சில வரிகளில் அது ஒன்று. கம்பெனி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டது.

ஊருக்குக் கிளம்பும் முன் விதிப்படி மறுபடியும் பரிசோதனை. ஷேவ் செய்து, சட்டை போட்டு, கம்பெனி கொடுத்த ஷூவோடு வந்து உட்கார்ந்தார். கிழமை, ஊர், கழித்தல், எல்லாம் சரி. டாக்டர் இத்ரீஸ் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்தார். கடைசிக் கேள்விக்கு வந்தேன்.

"தெருவுல ஸ்டாம்ப் ஒட்டின கவர் ஒண்ணு கெடக்கு. என்ன செய்வீங்க?"

கருப்பையா கொஞ்சம் யோசித்தார். "மொதல்ல மூலையில மஞ்ச இருக்கான்னு பாப்பேன் சார்."

சாமியாக இருந்த நான் ஒரே பதிலில் சார் ஆகிவிட்டேன். அந்தப் பதவி இறக்கம் போல எந்தப் பதவி உயர்வும் எனக்குச் சந்தோஷம் தந்ததில்லை. பதிலை மொழிபெயர்த்துச் சொன்னேன். டாக்டர் இத்ரீஸ் ஷீட்டை வாங்கி, ஓரத்தில் பென்சிலை வைத்தார். எந்தக் கேள்வி வரப்போகிறதோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் எழுதாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.